வானம் எல்லாப் பக்கமும் ஒன்றா? மூன்று லட்சம் ரேடியோ மூலங்களை எண்ணிப் பார்த்தோம்

பிரபஞ்சத்துக்கு நடுப்புள்ளி கிடையாது, அதற்கென்று தனித் திசையும் கிடையாது. போதுமான அளவு பெரிய பரப்பை எடுத்துக்கொண்டால் எந்தப் பக்கம் பார்த்தாலும் புள்ளிவிவரம் ஒன்றாகத்தான் இருக்கும். இன்றைய அண்டவியல் கணக்குகள் இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கின்றன. பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்று சொல்வதற்கும் இதுதான் அடிப்படை. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு வீட்டில் உட்கார்ந்து சரிபார்க்க முடியுமா என்றால், முடியும். தேவையான தரவு முழுவதும் இலவசமாகக் கிடைக்கிறது. திருவையாற்றில் எங்கள் வீட்டில், ஒரு பழைய லேப்டாப்பை வைத்து நாங்கள் செய்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். வேறு யாராவது இதே வேலையில் இறங்கினால் எந்த இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும் என்பது தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

நாங்கள் என்றால் நானும் என் அண்ணன் மகளும். நான் புள்ளியியல் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். பயிர் அறுவடைப் பரிசோதனைக்காக டெல்டாவின் வயல்களில் பல வருஷம் இறங்கி நடந்தவன். அவள் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள், பைத்தான் அவளுக்குக் கைவந்தது. விண்ணியல் அவள் பக்கம், எண்ணிக்கையைச் சந்தேகிப்பது என் பக்கம் என்று வேலை பிரிந்தது.

எதைச் சோதிக்கிறோம்

"வானம் ஒரே மாதிரி இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எண்ணிக்கையில் சொல்லக்கூடிய கேள்வி வேண்டும். எங்களுக்கு அதைக் கொடுத்தது 1984-இல் ஜார்ஜ் எல்லிஸும் ஜான் பால்ட்வினும் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை.

பிரபஞ்சம் இளமையாக இருந்தபோது புறப்பட்டு இன்றும் எல்லாத் திசையில் இருந்தும் வந்துகொண்டிருக்கும் மிச்ச ஒளிக்கு அண்ட நுண்ணலைப் பின்னணி என்று பெயர். அதன் வெப்பநிலை 2.7255 கெல்வின். அது வானம் முழுக்க ஏறக்குறைய சமமாக இருக்கிறது. ஆனால் ஒரு பக்கம் 3.36 மில்லிகெல்வின் கூடுதலாகவும், நேர் எதிர்ப்பக்கம் அதே அளவு குறைவாகவும் இருக்கிறது. ஆயிரத்தில் ஒன்றேகால் பங்குக்குச் சற்றுக் குறைவு. இப்படி ஒரு பக்கம் ஏறி எதிர்ப்பக்கம் இறங்கும் வடிவத்துக்கு இருமுனை என்று பெயர். இதைக் கழித்துவிட்டால் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கம் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். இந்த இருமுனைக்குக் காரணம் நம் நகர்வு என்பது வழக்கமான விளக்கம். சூரியக் குடும்பம் வினாடிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு திசையில் போகிறது. போகும் பக்கத்து நுண்ணலை சற்றுச் சூடாகத் தெரிகிறது.

எல்லிஸும் பால்ட்வினும் கேட்டது இதுதான். நாம் உண்மையிலேயே நகர்கிறோம் என்றால், வெகுதூரத்து ரேடியோ மண்டலங்களை, அதாவது ரேடியோ அலை வீசும் விண்மீன் மண்டலங்களான நம் மூலங்களை, எண்ணினாலும் அதே நகர்வு தெரிய வேண்டும் அல்லவா? இரண்டு வழியில் தெரியும். நகர்பவருக்கு, ஒளி வந்து சேரும் திசைகள் எல்லாம் முன்பக்கமாகச் சற்றுச் சாயும். அதனால் முன்பக்கத்தில் மூலங்கள் நெருங்கும். டாப்ளர் விளைவால் முன்பக்க மூலங்களின் வலிமையும் கொஞ்சம் கூடும். எண்ணும் எல்லைக்குக் கீழே இருந்த சில மூலங்கள் எல்லையைத் தாண்டிக் கணக்கில் ஏறும். இரண்டையும் சேர்த்தால் கிடைக்கும் சூத்திரம்: இருமுனையின் அளவு = (நம் வேகம் ÷ ஒளியின் வேகம்) × (2 + சரிவு × (1 + நிறமாலை எண்)).

சரிவு என்றால், எண்ணும் எல்லையைக் கூட்டும்போது மூலங்களின் எண்ணிக்கை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது. நம் தரவிலேயே அதை அளந்துகொள்ளலாம். எங்களுக்கு 1-ஐ ஒட்டி வந்தது. நிறமாலை எண் என்றால், அலைவரிசை கூடக்கூட ஒரு மூலத்தின் வலிமை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பது. ரேடியோ மண்டலங்களுக்கு அதைச் சராசரியாக 0.75 என்று எடுப்பது வழக்கம். வேக விகிதம் 0.00123. பெருக்கினால் 0.0046 வருகிறது. அதாவது முன்பக்கத்தில் சராசரியைவிட அரை சதவீதம் கூடுதல், பின்பக்கத்தில் அரை சதவீதம் குறைவு. இந்த அளவும் இந்தத் திசையும் வந்தால் வானம் இந்தச் சோதனையில் தேறியது. வேறு அளவு வந்தால் தரவில் கோளாறு, அல்லது நாம் நினைத்திருக்கும் படத்தில் கோளாறு.

தரவு

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் இருக்கும் வி.எல்.ஏ. தொலைநோக்கிக் கூட்டம் 1990-களில் 1.4 கிகாஹெர்ட்ஸில் வானத்தை அலசியது. அந்த அலசலுக்கு என்.வி.எஸ்.எஸ். என்று பெயர். காண்டனும் அவர் குழுவும் 1998-இல் அதை வெளியிட்டார்கள். மொத்தம் 17,73,484 மூலங்கள். வானத்தின் நடுக்கோட்டுக்குத் தெற்கே 40 டிகிரி வரைக்கும் உள்ள எல்லாம் அதில் உண்டு. முழு வானத்தில் 82 சதவீதம். ஸ்ட்ராஸ்பர்க் தரவு மையத்தின் விசியர் தளத்தில் இருந்து யாரும் இறக்கிக்கொள்ளலாம். நமக்கு வேண்டியது மூன்று நெடுவரிசைகள்தான்: வானத்தில் கிழக்கு மேற்கு இடம், டெக்ளினேஷன் என்கிற வடக்கு தெற்கு இடம், மில்லிஜான்ஸ்கி என்ற அலகில் ரேடியோ வலிமை. மற்ற நெடுவரிசைகளை முதலிலேயே வெட்டிவிட்டால் 4 ஜிபி ராம் உள்ள கணினியே போதும். சம்பா நடவு நேரத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, எனவே ஒவ்வொரு கட்டத்தின் முடிவையும் தனிக் கோப்பாகச் சேமித்துக்கொண்டே போனோம்.

ஏன் ரேடியோ? கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எண்ணினால் பால்வீதியின் தூசு மறைக்கும். ரேடியோ அலையைத் தூசு மறைப்பதில்லை. மேலும், இந்த மூலங்களில் பெரும்பாலானவை பலநூறு கோடி ஒளியாண்டு தொலைவில் இருப்பவை. பக்கத்து மண்டலக் கூட்டங்களின் குலை குலையான அமைப்பு அங்கே கரைந்து சமமாகிவிடும். ரேடியோ மூலங்களை எண்ணியே பிரபஞ்சத்தைப் புரிந்துகொள்ளும் மரபில் நம் ஊட்டிக்கும் பங்குண்டு. கோவிந்த் ஸ்வரூப் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு எழுப்பிய தொலைநோக்கி 1970-இல் வேலை தொடங்கியது. நிலா மறைக்கும்போது ரேடியோ மூலங்களின் அளவை அளந்து, பிரபஞ்சம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது என்பதற்கு அவர்கள் சான்று சேர்த்தார்கள். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

மறைக்க வேண்டியவை

அட்டவணையை அப்படியே எண்ணக்கூடாது. பால்வீதியின் தளத்துக்கு இருபுறமும் 10 டிகிரி வெட்டினோம். அங்கே நம் மண்டலத்தின் சொந்தச் சரக்கான சூப்பர்நோவா எச்சங்களும் அயனி வாயு மேகங்களும் எண்ணிக்கையில் கலந்துவிடும். மிகப் பிரகாசமான மூலங்களைச் சுற்றித் தொலைநோக்கியே உண்டாக்கும் பொய்ப் புள்ளிகள் இருக்கும். கன்னி ஏ, ரிஷபத்து நண்டு நெபுலா போன்றவற்றைச் சுற்றி வட்டமாக ஓட்டை போட்டோம். தெற்கே 40 டிகிரிக்குக் கீழே தரவே இல்லை.

பிறகு கோளத்தைச் சம பரப்புள்ள 3,072 கட்டங்களாகப் பிரித்தோம். ஹீல்பிக்ஸ் என்ற இலவச நிரல் இதைச் செய்துகொடுக்கும். ஒரு கட்டம் சுமார் 13.4 சதுர டிகிரி. 15 மில்லிஜான்ஸ்கிக்கு மேற்பட்ட மூலங்களை மட்டும் எடுத்தால், மறைப்பு போக மூன்று லட்சத்தை ஒட்டி மிஞ்சுகிறது. அதன்படி ஒரு கட்டத்துக்கு ஏறத்தாழ 140 மூலங்கள்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். 140 மூலங்கள் உள்ள கட்டத்தில் தற்செயலாகவே 12 கூடவோ குறையவோ செய்யும். 140-இன் வர்க்கமூலம் அது. நாம் தேடும் அரை சதவீதம் என்பது கட்டத்துக்கு ஒரு மூலம்கூட இல்லை, 0.7 மூலம்! எந்தக் கட்டத்தையும் தனியாகப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. வரைபடத்தைக் கண்ணால் பார்த்து "இந்தப் பக்கம் அடர்த்தி" என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. எல்லாக் கட்டங்களையும் சேர்த்து, ஒரு சராசரி, அதன் மேல் ஒரு திசையில் ஏறி எதிர்த்திசையில் இறங்கும் ஒரு சாய்வு என்று மீச்சிறு வர்க்க முறையில் பொருத்த வேண்டும். தேட வேண்டியவை நான்கே எண்கள்: சராசரி ஒன்று, மூன்று அச்சுகளிலும் சாய்வு ஒவ்வொன்று. இதற்கு நிரல் முப்பது வரி வராது.

பொய் வானங்கள்

நிரலை உண்மைத் தரவின் மேல் ஓடவிடும் முன், நாமே செய்த வானங்களின் மேல் ஓடவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். "சித்தப்பா, ஒரே ஒரு தடவை நிஜத் தரவைப் போட்டுப் பார்த்துடலாமே" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "கூடாதும்மா. விடையைப் பார்த்துட்டா அப்புறம் நம்ம கை நமக்கே தெரியாம அந்தப் பக்கம் சாயும்" என்றேன். மறைப்பின் எல்லை, வலிமையின் எல்லை, கட்டத்தின் அளவு எல்லாவற்றையும் பொய் வானங்களில் தீர்மானித்த பிறகுதான் உண்மைக் கோப்பைத் திறந்தோம். இந்த வேலையில் நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான்.

பொய் வானம் செய்வது எளிது. மறைப்பு போக மூன்று லட்சம் மிஞ்சும் அளவுக்குப் புள்ளிகளைக் கோளத்தில் சீராகத் தூவ வேண்டும். கிழக்கு மேற்கு இடத்தை 0 முதல் 360 வரை சமவாய்ப்பில் எடுக்கலாம். டெக்ளினேஷனை அப்படி எடுக்கக்கூடாது. துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு டிகிரிப் பட்டையின் பரப்பு குறைவு, நடுக்கோட்டில் அதிகம். எனவே டெக்ளினேஷனின் சைன் மதிப்பைத்தான் -1 முதல் +1 வரை சமவாய்ப்பில் எடுக்க வேண்டும். கோளத்தில் வெட்டிய பட்டையின் பரப்பு அதன் உயரத்தை மட்டுமே பொறுத்தது என்று ஆர்க்கிமிடீஸ் கண்டதுதான் இங்கே உதவுகிறது. தூவிய பிறகு உண்மைத் தரவுக்குப் போட்ட அதே மறைப்பை இதற்கும் போட வேண்டும்.

முற்றிலும் சீரான ஆயிரம் வானங்களை இப்படிச் செய்து ஒவ்வொன்றுக்கும் இருமுனையைக் கணக்கிட்டோம். சுழியம் வராது, வரவும் கூடாது. மூன்று லட்சம் புள்ளிகளுக்கு ஒவ்வோர் அச்சிலும் 3-ஐ மூன்று லட்சத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுத்த அளவு, அதாவது 0.0032 அளவுக்குத் தற்செயல் சாய்வு இருக்கும். மூன்று அச்சும் சேர்ந்தால் சராசரியாக 0.005. மறைப்பு இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். நாம் தேடும் உண்மையான குறி 0.0046. அதாவது ஒன்றுமே இல்லாத வானத்திலும், தேடும் குறியின் அளவுக்கு ஓர் இருமுனை தன்னால் தெரியும்! இதைக் கண்டபோது அவள் முகம் வாடிவிட்டது. எனக்கோ வேலை சரியான தடத்தில் போகிறது என்ற நிம்மதி. இந்த அட்டவணை ஒன்றை மட்டும் வைத்து 370 கிலோமீட்டர் வேகத்தை உறுதிப்படுத்துவது கடினம் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. ஆனால் இருமுனை அதைவிட மிகப் பெரிதாக இருந்தால் அது மறைய வழியில்லை.

அடுத்து, 0.0046 அளவு இருமுனையை நாமே நுண்ணலைத் திசையில் புகுத்தி இன்னோர் ஆயிரம் வானங்கள். உண்மைத் தரவை இவற்றோடுதான் ஒப்பிட வேண்டும்.

15 மில்லிஜான்ஸ்கி எதற்கு

அட்டவணையில் 2.5 மில்லிஜான்ஸ்கி வரை மூலங்கள் இருக்க, 15-க்குக் கீழே எல்லாவற்றையும் எறிவது முதலில் வீணடிப்பாகத் தெரியும். ஆனால் டெக்ளினேஷன் வாரியாகப் பட்டை பிரித்து அடர்த்தியை வரைந்து பாருங்கள். மங்கலான மூலங்களையும் சேர்த்தால், தெற்கே 10 டிகிரியிலும் வடக்கே 78 டிகிரியிலும் வரைபடத்தில் ஒரு படி தெரியும். வானத்தில் அப்படிப் படி இருக்க நியாயமே இல்லை. வி.எல்.ஏ.வின் ஆண்டெனாக்கள் தண்டவாளத்தில் நகர்த்தி வேறு வேறு அமைப்பில் நிறுத்தக்கூடியவை. உச்சியில் இருந்து வெகுவாகச் சாய்ந்திருக்கும் பகுதிகளைப் பார்க்க, வடக்குக் கையை நீட்டிய வேறொரு அமைப்பைப் பயன்படுத்தினார்கள். அந்த மாற்றம் நடந்த இடங்கள் சரியாக இந்த இரண்டு டெக்ளினேஷன்கள்தான். படியைப் போட்டது தொலைநோக்கி. பிளேக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-இல் இதே அட்டவணையில் இருமுனையைத் தேடியபோது இதைக் கண்டு, பிரகாசமான மூலங்களோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எங்கள் கணக்கில் இது அழகாகத் தெரிந்தது. வலிமை எல்லையை 5, 10, 15, 20, 25 என்று ஏற்றிக்கொண்டே போனால் சாய்வின் வடக்கு தெற்குக் கூறு முதலில் ஆடி, 15-க்கு மேல் ஒரு நிலைக்கு வருகிறது. கிழக்கு மேற்குக் கூறுகள் அந்த அளவுக்கு ஆடுவதில்லை. பூமி சுழல்வதால் கிழக்கு மேற்கில் வானம் முழுக்க ஒரே தொலைநோக்கியின் முன்னால் ஒரே உயரத்தில் கடந்துபோகிறது, எனவே அந்தத் திசையில் தொலைநோக்கியின் குறை கலக்க வாய்ப்பு குறைவு. வடக்கு தெற்கில் அப்படி இல்லை. நில மட்டத்தில் இருந்து செய்த எந்த அலசலிலும் துருவத்தைக் காட்டும் சாய்வு வந்தால் அதை நான் நம்ப மாட்டேன்.

வந்த விடை

உண்மைக் கோப்பைத் திறந்தோம். இருமுனையின் அளவு, எல்லையைப் பொறுத்துச் சற்றே மாறினாலும், 0.01-க்கும் 0.015-க்கும் நடுவில் நின்றது. எதிர்பார்த்ததைப் போல் இரண்டரை, மூன்று மடங்கு. சீரான ஆயிரம் வானங்களில் இந்த அளவைத் தொட்டவை இல்லை என்றே சொல்லலாம். 0.0046 புகுத்திய வானங்களில் தொட்டவை நூறில் ஒன்று சொச்சம்.

திசையும் கவனிக்க வேண்டியது. நுண்ணலை இருமுனை காட்டும் இடம் 11 மணி 12 நிமிடம், தெற்கே 7 டிகிரி (கிழக்கு மேற்கு இடத்தை மணியிலும் சொல்வார்கள், 360 டிகிரிக்கு 24 மணி). எங்களுக்கு வந்தது அதற்கு மேற்கே 15 டிகிரி போல் தள்ளி, கிட்டத்தட்ட அதே டெக்ளினேஷனில். எங்கள் கணக்கின் பிழை வட்டமே அந்த அளவு இருக்கும். இரண்டு திசைகள் தற்செயலாக 15 டிகிரிக்குள் விழ 60-இல் ஒரு வாய்ப்புதான். ஆக, திசை ஒத்துப்போகிறது, அளவு ஒத்துப்போகவில்லை. இந்த அட்டவணையை ஆராய்ந்த மற்றவர்களுக்கும் இப்படித்தான் வந்திருக்கிறது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் அசோக் சிங்கல் 2011-இல் சுமார் நான்கு மடங்கு என்று எழுதினார்.

பக்கத்து மண்டலக் கூட்டம் ஏதாவது இதைச் செய்கிறதா? கன்னிக் கூட்டம் வானில் ஏறத்தாழ அதே பக்கம்தான் இருக்கிறது, எனவே கேட்க வேண்டிய கேள்வி. பக்கத்து மண்டலங்கள் நெருக்கமாகக் கிடக்கும் தளத்துக்கு இருபுறமும் 10 டிகிரி வெட்டிவிட்டு மறுபடி ஓட்டினோம். இருமுனை குறைந்தது, ஆனால் போகவில்லை. இன்னொன்று: சில ரேடியோ மண்டலங்களின் இருபுறமும் விரியும் இரண்டு மடல்களும் அட்டவணையில் தனித்தனி மூலங்களாகப் பதிவாகியிருக்கும். ஒன்றை இரண்டாக எண்ணுவதால் தற்செயல் ஆட்டம் நாம் போட்ட கணக்கைவிடக் கூடும். பொய் வானங்களிலும் ஒரு பங்குப் புள்ளிகளை இரட்டையாக்கிப் பார்த்தோம். நூறில் ஒன்று என்பது கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான்.

தராசைச் சோதித்தல்

அவளுக்கு இந்த விடையில் பரபரப்பு. எனக்குத் தராசின் மேல் சந்தேகம். அறுவடைப் பரிசோதனையில் சர்வே எண்ணைச் சமவாய்ப்பில் எடுத்து, வயலின் தென்மேற்கு மூலையில் இருந்து அடி அளந்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு, அறுத்து, அடித்து, எடை போடுவோம். ஒரு பிர்க்காவுக்குப் போன தராசு நூறு கிலோவுக்கு ஒரு கிலோ கூட்டிக் காட்டினால் அந்த பிர்க்கா முழுக்க விளைச்சல் கூடியதாகத் தெரியும். எத்தனை கட்டம் அறுத்தாலும் அந்தப் பிழை சராசரியில் கரையாது. வானத்திலும் அதேதான். எண்ணிக்கையின் சரிவு 1 என்றால், ஒரு பக்கத்தில் வலிமையை ஒரு சதவீதம் கூட்டி அளந்தால் அந்தப் பக்கத்தில் எண்ணிக்கையும் ஒரு சதவீதம் கூடும். நாம் தேடுவதோ அரை சதவீதம்.

தராசை எப்படிச் சோதிப்பது? இன்னொரு தராசைக் கொண்டுவந்து அதே மூட்டைகளை மறுபடி நிறுக்க வேண்டும். புனேவுக்கு அருகில் கோடத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆண்டெனாக்களோடு நிற்கும் ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி 150 மெகாஹெர்ட்ஸில் வானத்தை அலசியிருக்கிறது. அந்தத் தரவை மறுபடி பதப்படுத்தி 2017-இல் வெளியிட்ட டி.ஜி.எஸ்.எஸ். அட்டவணையில் 6.2 லட்சம் மூலங்கள். இரண்டு அட்டவணையிலும் இருக்கும் மூலங்களை இடத்தை வைத்துப் பொருத்தினோம். நிறமாலை எண் 0.75 என்றால் 150-இல் உள்ள வலிமை 1400-இல் உள்ளதைப் போல் ஐந்து மடங்குக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். தனி மூலங்களில் இந்த விகிதம் நிறைய மாறும். ஆனால் ஒரு கட்டத்தில் உள்ள மூலங்களின் நடு மதிப்பு வானம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும்.

இருக்கவில்லை. விகிதத்தின் வரைபடம் திட்டுத் திட்டாக வந்தது. சில இடங்களில் பல சதவீதம் ஏற்றம், சில இடங்களில் இறக்கம். டி.ஜி.எஸ்.எஸ். அட்டவணையில் இருமுனையைக் கணக்கிட்டால் அது 0.07 அளவுக்குப் போகிறது, எதிர்பார்ப்பைப் போல் பத்து மடங்குக்கும் மேல்! பிரபஞ்சம் அப்படிச் சாய்ந்திருந்தால் வேறு எத்தனையோ விதத்தில் தெரிந்திருக்கும். வலிமை அளவீட்டில் இடத்துக்கு இடம் இருக்கும் வேறுபாடுதான் இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள், எங்கள் வரைபடமும் அதைத்தான் காட்டியது. அந்த அலசலைக் குறை சொல்வதற்கில்லை. அவ்வளவு தாழ்ந்த அலைவரிசையில் அயனி மண்டலத்தின் ஆட்டத்தை மீறி அத்தனை பெரிய வானத்தை வரைந்ததே பெரிய சாதனை, அதை வைத்துச் செய்யும் மற்ற வேலைகளுக்குச் சில சதவீத வேறுபாடு ஒரு பொருட்டே இல்லை. இந்தச் சோதனைக்கு மட்டும் அது பொருந்தாது.

ஆனால் இதில் இருந்து என்.வி.எஸ்.எஸ். தேறியது என்றும் சொல்ல முடியாது. இரண்டு தராசு வேறுபட்டால் ஒன்று தவறு என்று மட்டும்தான் தெரியும். மூன்றாவது தராசு வேண்டும்.

அந்தத் திசையைக் கண்ணால் பார்க்க

இத்தனை நாளும் லேப்டாப்பிலேயே கிடந்த திசையை வானத்தில் காட்டச் சொல்லி அவள் கேட்டாள். நம் ஊரில் இது மிக எளிது. சித்திரை மாதத்தில் இரவு ஒன்பது, ஒன்பதரை மணிக்கு சிம்மம் உச்சியில் இருக்கும். பூரம் நட்சத்திரத்தின் இரண்டு விண்மீன்களில் தெற்கே இருப்பதைப் பிடித்துக்கொண்டு நேர் தெற்காக 22 டிகிரி இறங்க வேண்டும். கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் கிட்டத்தட்ட அந்த அளவு வரும். தஞ்சை வட்டாரத்தின் அட்சரேகைக்கு அது உச்சியில் இருந்து தெற்கே 18 டிகிரி சாய்வில் இருக்கும். அங்கே சொல்லிக்கொள்ளும்படி பிரகாசமான விண்மீன் எதுவும் இல்லை. நாம் எல்லோரும் வினாடிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் பக்கம் அதுதான். "இவ்ளோ வெறுமையா இருக்கே" என்றாள். "போற வழி வெறுமையா இருக்கிறது நல்லதுதானேம்மா" என்றேன்.

மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள்

பெரிய குழுக்கள் இதை எங்களைவிடப் பலமடங்கு நுணுக்கமாகச் செய்திருக்கின்றன. 2021-இல் சீக்ரெஸ்ட் குழு, வைஸ் விண்கலம் அகச்சிவப்பில் கண்ட 13.6 லட்சம் குவேசார்களை, அதாவது வெகுதூரத்து மண்டலங்களின் மிகப் பிரகாசமான மையங்களை, எண்ணியது. அது வேறு அலைவரிசை, வேறு கருவி, அதுவும் விண்ணில் இருந்து. இருமுனை 0.0155 வந்தது, எதிர்பார்ப்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். தற்செயலாக இப்படி நேர வாய்ப்பு 20 லட்சத்தில் ஒன்று என்று கணக்கிட்டார்கள். 2025-இல் ஐரோப்பாவின் லோஃபார் உள்பட மூன்று ரேடியோ அட்டவணைகளைச் சேர்த்து ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தலைமையிலான குழு 3.67 மடங்கு என்று எழுதியது. அதே சமயம், கையா விண்கலத்தின் தரவில் இருந்து தொகுத்த குவாயா குவேசார் அட்டவணையில் நுண்ணலையோடு ஒத்துப்போகும் அளவே வருகிறது என்று வேறொரு குழு சொல்கிறது.

எனவே தீர்ப்பு இன்னும் வரவில்லை. என் கருத்து என்று கேட்டால், வேறு வேறு கருவிகள் ஒரே பக்கத்தைக் காட்டுவதை லேசில் தள்ளிவிட முடியாது. ஆனால் எல்லாக் கருவிகளின் அளவீடும் அரை சதவீதத்துக்குள் வானம் முழுக்கச் சமமாக இருக்கிறது என்று காட்டாமல் பிரபஞ்சத்தின் மேல் கை வைக்கவும் கூடாது. அவள் ஒருபடி முன்னால் நிற்கிறாள்: இருமுனை உண்மை, அதை விளக்கத்தான் புதுப் படம் வேண்டும் என்கிறாள். இது பற்றி வீட்டில் சாப்பாட்டு நேரத்திலும் விவாதம் ஓடுகிறது.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. இதே லேப்டாப்பில் பிளாங்க் விண்கலத்தின் நுண்ணலை வரைபடத்தையும் போட்டுப் பார்க்கலாம், இலவசம்தான். வானத்தின் ஒரு பாதியில் ஏற்ற இறக்கம் மறுபாதியைவிடக் கொஞ்சம் வலுவாக இருப்பதும், எரிடானஸ் என்ற விண்மீன் கூட்டத்தின் பக்கம் ஒரு குளிர்ந்த திட்டு இருப்பதும் தெரியும். ஆனால் அங்கே வேறொரு சிக்கல். தரவைப் பார்த்த பிறகு, அதில் விநோதமாகத் தெரிந்ததையே சோதிக்கிறோம். நூறு விதமாகத் தேடினால் நூறில் ஒன்றான விநோதம் எங்கேயாவது அகப்படத்தான் செய்யும், அதுவும் இருப்பது ஒரே ஒரு நுண்ணலை வானம். ரேடியோ இருமுனையில் அளவையும் திசையையும் முன்பே எழுதி வைத்துவிட்டுச் சோதிக்கிறோம். இதற்காகத்தான் நான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

இப்போது மூன்றாவது தராசில் இருக்கிறோம். ஆஸ்திரேலியாவின் ஆஸ்காப் தொலைநோக்கி 888 மெகாஹெர்ட்ஸில் செய்த ராக்ஸ் அலசலின் அட்டவணையில் 21 லட்சம் மூலங்கள், தெற்கே 80 டிகிரியில் இருந்து வடக்கே 30 வரை. என்.வி.எஸ்.எஸ். வானத்தோடு அது தெற்கே 40 முதல் வடக்கே 30 வரையிலான பட்டையில் பொதுவாகச் சேர்கிறது. அவள் பொருத்தும் நிரலை எழுதி ஓடவிட்டிருக்கிறாள். 888-க்கும் 1400-க்கும் இடையில் வலிமைகளின் விகிதம் 1.4-ஐ ஒட்டி வர வேண்டும். அந்த விகிதம் டெக்ளினேஷனோடு மாறுகிறதா, குறிப்பாகத் தெற்கே 10 டிகிரியில் ஏதாவது படி தெரிகிறதா என்பதை முதலில் வரைவோம். அது சமமாக வந்தால்தான் இரண்டு அட்டவணைகளையும் சேர்த்து எண்ணத் தொடங்குவோம்.